பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீரை மறுக்காதீர்!

 

உண்ட உணவு இரைப்பையிலேயே செரித்துவிடுவதாகப் பலரும் எண்ணுகிறோம். இரைப்பை உணவைக் கூழாக்கி அனுப்புகிறது, அவ்வளவே. பெரும்பணி நடப்பது அதற்கடுத்த சிறுகுடலில். ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள அக்குழாயை அல்லாஹ் நம் வயிற்றுக்குள் சுருட்டி அடக்கி வைத்திருக்கின்றான். பித்தநீரும் கணையநீரும் அதன் தொடக்கத்திலேயே வந்து கலக்கின்றன. அதன் உட்சுவரெங்கும் வெல்வெட் துணியின் இழைகளைப் போல் நிற்கும் குடலுறிஞ்சிகள் சத்துகளை உறிஞ்சி உடலுக்கு அளிக்கின்றன.

பருகும் நீரும் உடலில் சுரக்கும் நீர்களுமாக நாளொன்றுக்கு 8 அல்லது 9 லிட்டர், வளர்ந்தவர்களின் சிறுகுடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியை அது மீண்டும் உறிஞ்சிக் கொள்கிறது. பேதியில் இந்தக் கணக்குத் தவறிவிடுகிறது.

"தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதை நம் கோவையிலும் கேட்கிறோம். அன்பினால் சொல்கிறார்கள், ஆயினும் அது ஆபத்தானது. பேதியில் பச்சிளம் உயிர்கள் பெரும்பாலும் போவது நீர் வற்றித்தான்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்! காலராவிலும் கூட சிறுகுடலின் ஒரு வாசல் அடைபடுவதில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் அவ்விரண்டையும் அது ஒன்றாக உள்ளிழுக்கிறது, நீரும் பின்தொடர்கிறது.

1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பொங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீரும் நிலை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரையே புகட்டச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த மரணம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

அந்தக் கலவையே இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. உறையில் குறித்த அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லையேல், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நன்றே. (மசாலா சேர்ந்த நோன்புக் கஞ்சியைச் சொல்லவில்லை!) கரைத்ததை 24 மணி நேரத்திற்கு மேல் வைக்காதீர்கள்.

கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்ற பிறகும் 14 நாட்கள் முடியும்வரை கொடுங்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் கழியாவிட்டாலோ, குழந்தை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, புகட்டிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.