இடுப்பு வலியும் நாட்கணக்கும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் மருத்துவன் அல்லன், இரயில்வே குமாஸ்தா. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்களுக்கும், பாதையில் சம்மட்டி பிடிக்கும் தோழர்களுக்கும், குனிந்து நிமிர்ந்து வீட்டைக் காக்கும் தாய்மார்களுக்கும் பொதுவான துன்பம் இடுப்பு வலி. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடி மக்கள் இவ்வலியால் வருந்தினர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வலி வந்தவர் வாய்விட்டுக் கேட்பது, "எப்போது தீரும்?" என்பது. மனத்துள் அஞ்சுவது, "இனி வேலைக்குப் போக முடியுமா?" என்பது. சொந்த ஊரை விட்டு வந்து, ஒருவர் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு இது சிறிய கேள்வி அன்று. ஆயினும் இதற்குரிய விடை பெரும்பாலும் நல்ல விடையே.

திடீரெனப் பிடித்த வலி முதற் சில நாட்கள் கடுமையாக இருக்கும். பின்னர் மெல்லத் தணியும். பெரும்பாலோர்க்கு 6 வாரங்களுக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். காலில் இறங்கும் நரம்பு வலிக்குச் சில மாதங்களும் ஆகலாம். அதுவும் பலருக்கு அறுவைச் சிகிச்சையின்றியே தணிகிறது. 12 வாரங்களைக் கடந்தால் அதனை நாட்பட்ட வலி என்பர். அப்போதும் முறையான உடற்பயிற்சியால் பயன் உண்டு.

முற்காலத்தில் மரப்பலகையில் வாரக்கணக்காகப் படுக்கச் சொல்வர். இன்று மருத்துவர்கள் அதனை விரும்புவதில்லை. படுக்கை நீண்டால் தசை தளரும், அச்சம் வளரும். இயன்ற அளவு நடமாடுதலே நன்று. 'தட்டு தேய்ந்துள்ளது' என்று ஸ்கேன் அறிக்கை கூறினாலும் கலங்க வேண்டா. வலியே அறியாத ஐம்பது வயதினரிலும் பெரும்பாலோர்க்கு அத்தேய்மானம் காணப்படுகிறது.

தீர்ந்த வலி மீண்டும் வருவதுண்டு. வந்தால் முதுகே போயிற்று என்று எண்ணற்க. 2024இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், வலி தீர்ந்தபின் இயன்முறை மருத்துவர் வழிகாட்ட ஒழுங்காக நடந்தவர்கள் நடுக்கணக்கில் 208 நாட்கள் வலியின்றி இருந்தனர். அவ்வழிகாட்டல் பெறாதோர் 112 நாட்களே இருந்தனர். நடைக்குக் காசு வேண்டியதில்லை அன்றோ!

எனினும் சில குறிகளைக் கண்டால் காத்திருத்தல் கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் கழிக்க இயலாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனை செல்க. காய்ச்சல், காரணமில்லா உடல் மெலிவு, இரவில் ஓயாத வலி ஆகியவை இருந்தாலும் மருத்துவரை விரைவில் காண்க. நம் நாட்டில் முதுகெலும்பைத் தாக்கும் காசநோயும் உண்டு.

மற்றையோர்க்கு நான் கூறுவது இதுவே: நாட்களை எண்ணுங்கள், நம்பிக்கையை இழக்காதீர்கள், மாலையில் நம் காலனிச் சாலையில் குடும்பத்தோடு நடந்து வாருங்கள்.

வாழ்க தமிழ்!