ஒரு சீர் கூடினால்

வாழ்க்கையைப் பற்றி ஒரு கவிஞர் என்ன நினைத்தார் என்று யாராவது கேட்டால், அவருடைய பாட்டிலிருந்து ஒரு கருத்தைப் பிரித்தெடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். உலகம் நிலையில்லாதது என்றார், எல்லோரும் உறவு என்றார், அஞ்சாதே என்றார், அவ்வளவுதான். தேர்வுத்தாளில் ‘பாடலின் மையக்கருத்து யாது?’ என்று கேட்டுக் கேட்டே நமக்கு வந்துவிட்ட பழக்கம் இது. ஆனால் நிலையாமை என்ற அந்த ஒரே கருத்தைத் தமிழில் எத்தனையோ பாட்டுகள் சொல்கின்றன. கருத்துதான் எல்லாம் என்றால் அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ள முடியவில்லை. ஒன்றைப் படித்தால் மனம் தெளிகிறது. இன்னொன்றைப் படித்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிடலாமா என்று தோன்றுகிறது. வேறொன்று லேசாகச் சிரிக்கவும் வைக்கிறது. கருத்து ஒன்றாக இருந்தும் மனநிலை மாறுகிறது என்றால், அதை மாற்றுவது பாட்டின் வடிவமும் அதில் வரும் காட்சியும்தான் என்பது என் வாதம். வடிவம் என்றவுடன் பாவகையை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அடி எங்கே முடிகிறது, வினை எப்போது வருகிறது, எந்தச் செய்திக்கு நீண்ட அடி கிடைக்கிறது, எதற்குக் குறுகிய அடி என்பதெல்லாம் அதில் அடங்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க, ஒரே காட்சியை இரண்டு கவிஞர்கள் எடுத்தாண்ட இடம் ஒன்று வேண்டும். நம் இலக்கியத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. புறநானூற்றின் 194ஆம் பாட்டு பக்குடுக்கை நன்கணியார் பாடியது, ஏழே அடி. ஒரு வீட்டில் சாப்பறை கேட்கிறது, மற்றொரு வீட்டில் மணமுழவு கேட்கிறது. துணையோடு இருக்கும் பெண்கள் பூச்சூடுகிறார்கள், துணையைப் பிரிந்தவர்களின் மைதீட்டிய கண்களில் நீர் வடிகிறது. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று கவிஞர் சட்டென்று சொல்லிவிடுகிறார். கடவுளைத் திட்டுவதுபோலப் புகழ்வதற்கு நிந்தாஸ்துதி என்று ஒரு பெயர் உண்டு. இங்கே துதி இல்லை, நிந்தை மட்டும்தான். கடைசியில், உலகம் கொடியதுதான், ஆனாலும் இதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காணட்டும் என்று பாட்டு முடிகிறது. இனி நாலடியாருக்கு வருவோம். அதில் யாக்கை நிலையாமை அதிகாரத்தில் ஒரு வெண்பாவில் இதே இரண்டு பறைகள் வருகின்றன. மன்றம் அதிர மணத்துக்குக் கொட்டிய பறை, அன்றைக்கே, அந்த இடத்திலேயே, அதே மனிதர்களுக்குப் பிணப்பறையாக ஒலிக்கவும் கூடும். ஆகவே மாண்புடையவர்களின் மனம் தப்பிப்போகும் வழியை உறுதியாக நாடும் என்கிறது அந்தப் பாட்டு. காட்சி ஒன்றே. ஒருவர் உலகத்தில் இருந்துகொண்டே இனியதைப் பார்க்கச் சொல்கிறார். மற்றவர் வெளியேறச் சொல்கிறார்.

இந்த வேறுபாடு இறுதியில் வரும் அறிவுரையில் மட்டும் இருக்கிறதா? கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். புறநானூற்றுப் பாட்டின் முதல் நான்கு அடிகளில் ஒரு வினைமுற்றுகூட இல்லை. ஒலிக்க, முழங்க, சூட, வடிய என்று எல்லாம் எச்சங்களாகவே நிற்கின்றன. எது முன், எது பின் என்று சொல்ல முடியாது, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வீடுகளும் இரண்டு. தெருவில் நிற்பவர் இந்தப் பக்கமும் திரும்பலாம், அந்தப் பக்கமும் திரும்பலாம். இனியதைக் காணுங்கள் என்று பிறகு சொல்லும்போது அது வெறும் ஆறுதலாகப் படாததற்குக் காரணம் இதுதான். பார்ப்பதற்கு இன்னொரு வீடு உண்மையாகவே இருக்கிறது. நாலடியாரில் இருப்பது ஒரே மன்றம், ஒரே கூட்டம். அங்கே காலம் ஒரு திசையில் மட்டும் நகர்கிறது. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடி முடிவில் தனிச்சொல் ஒன்று வரவேண்டும். சொல்பவர் குரலைச் சற்று நிறுத்தும் இடம் அது. இந்தப் பாட்டில் அங்கே வந்து நிற்பது ‘பிறகு’ என்று பொருள்தரும் சொல். எதுகையும் அதே சொல்லில் வந்து விழுகிறது. காது அங்கே நிற்காமல் போக முடியாது. திரும்பிப் பார்க்க வேறு வீடு இல்லை, இனி வரப்போகும் ‘பிறகு’ மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் அறிவுள்ளவன் வாசலைத்தான் தேடுவான். துறவு மனப்பான்மை நான்காம் அடியில் சொல்லப்படும் முன்பே இரண்டாம் அடியில் வந்துவிட்டது.

நன்கணியார் பாட்டின் கடைசி இரண்டு அடிகளில் இன்னொன்றும் இருக்கிறது. உலகம் கொடியது என்பதற்கு மூன்று சீர். இனியதைக் காணுங்கள் என்பதற்கு நான்கு சீர். துன்பத்துக்கு ஓர் அளவு, இன்பத்துக்கு அதைவிட ஒன்று கூடுதல். இங்கே யாப்பிலக்கணம் படித்தவர்கள் மறுப்புச் சொல்வார்கள், நியாயமான மறுப்புதான். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்திய அடி, மூன்று சீரில் வரவேண்டும் என்பது விதி. இதில் கவிஞருடைய விருப்பம் எங்கே இருக்கிறது, விதியை அவருடைய வாழ்க்கைப் பார்வை என்று சொல்லலாமா என்பது கேள்வி. விதி கொடுப்பது குறுகிய அடியை மட்டும்தான். அந்த அடியில் எதை வைப்பது என்று விதி சொல்லவில்லை. இனியது உண்டு என்று மூன்று சீரில் சொல்லிவிட்டு, ஆனால் உலகம் கொடியது என்று நான்கு சீரில் முடித்திருக்கலாம். இலக்கணம் தடுத்திருக்காது. பாட்டு மட்டும் தலைகீழாகியிருக்கும்.

இது ஒரு பாட்டில் தற்செயலாக நேர்ந்தது என்று நினைப்பவர்களுக்காக, இரண்டு பாட்டு முன்னால் போகிறேன். 192ஆம் பாட்டு, கணியன் பூங்குன்றனார் பாடியது. அதன் முதல் அடியை மேடை மேடையாகக் கேட்டிருக்கிறோம், மிச்சம் பன்னிரண்டு அடிகளை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. முதல் மூன்று அடிகளும் தனித்தனியே முற்றுப்பெறுகின்றன. நான்காவது அடியிலிருந்து கட்டு தளர்கிறது. நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று அடிகளும், அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லைத் தங்கள் கடைசிச் சீராக வைத்திருக்கின்றன. ஆறாம் அடியின் கடைசியில் மின்னல் வெட்டுகிறது. மழை அடுத்த அடியில்தான் பெய்கிறது. அங்கிருந்து வாக்கியம் எங்குமே நிற்பதில்லை. மழை பெய்து, பேராறு பாறைகளில் மோதி இரைந்து, அந்த நீரோடு தெப்பம் போவதுபோல உயிர் தன் முறைப்படி போகிறது என்று பெரியோர் கண்டதைச் சொல்லி, பதினோராம் அடியையும் தாண்டி ஓடுகிறது. ஆற்றைப் பற்றிப் பேசும் இடத்தில் வாக்கியமே ஆறாக ஓடுகிறது. சத்தம் போட்டுப் படித்தால் மூச்சு வாங்கும்.

தெப்பத்தைப் பார்த்துவிட்டு, இது விதிவாதம்தானே, கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறார் என்று சிலர் குறை சொல்வதுண்டு. தெப்பத்தோடு பாட்டு முடிந்திருந்தால் அந்தக் குறையை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கவிஞர் அந்தக் காட்சியிலிருந்து இறக்கும் முடிவு, முயற்சி வேண்டாம் என்பதல்ல. மனிதர்களை எப்படி நடத்துவது என்பது. எல்லோரும் ஒரே வெள்ளத்தில் போகிறவர்கள். ஆகையால் பெரியவர்களைக் கண்டு வியப்பதில்லை என்று ஈற்றயலடியில் மூன்று சீரில் சொல்கிறார். சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று கடைசி அடியில் நான்கு சீரில் சொல்கிறார். இரண்டு அடிகளும் ஒரே வார்ப்பு. கூடுதலாக இருக்கும் அந்த ஒரு சீர்தான் ‘அதைவிடவும்’ என்னும் பொருளைச் சுமக்கிறது. அதை எடுத்துவிட்டால் வியப்பும் இகழ்ச்சியும் சமமாகிவிடும், பாட்டு ஒரு நடுநிலை அறிக்கையாகிவிடும். பெரிய இடத்தில் தலைகுனிவது பிழை, எளியவர்மேல் காலை வைப்பது அதைவிடப் பெரிய பிழை என்ற தராதரம் முழுவதும் அந்த ஒரு சீரில் இருக்கிறது. முதல் அடியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

அப்படியானால் ஆசிரியப்பா என்றால் தெளிவு, வெண்பா என்றால் துறவு என்று பட்டியல் போட்டுவிடலாமா? கூடாது. திருக்குறளும் வெண்பாதான். அதில் நிலையாமை அதிகாரத்தில் செல்வத்தைக் கூத்துப் பார்க்க வரும் கூட்டத்தோடு ஒப்பிடுகிறார் வள்ளுவர். கூட்டம் சேர்வது நான்கு சீர் முதலடியில். கலைவது மூன்று சீர் இரண்டாமடியில், அடியின் முதல் சொல்லிலேயே. சேர நேரமாகிறது, கலைய ஆவதில்லை. இதில் நாலடியாரின் பதற்றம் இல்லை. கூத்து முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்து யாரும் அழுவதில்லை, வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். செல்வம் போவதைக் கண்டு ஒரு புன்சிரிப்போடு நிற்கும் மனம் அது. காளமேகம் இதே வெண்பாவைச் சிலேடைக்கும் கேலிக்கும் பயன்படுத்தினார், புகழேந்தி நளன் கதையைச் சொன்னார். பாவகைக்கென்று நிலையான மனநிலை கிடையாது. கவிஞர் அதன் குறுக்கத்தையும் நிறுத்தத்தையும் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதுதான் கேள்வி. இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் நம் வாதமும் ஒரு மையக்கருத்து வினாவிடையாகிவிடும்.

இன்னும் ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது. பழைய புலவர்களுக்கு வேறு வடிவம் இல்லை, இருந்ததை எழுதினார்கள் என்பது அது. இதற்குப் பதில் பாரதியார். வெண்பா, விருத்தம், சிந்து, கண்ணி எல்லாம் அவர் கைக்குள் இருந்தன. குயில் பாட்டைக் கலிவெண்பாவில் எழுதியவர் அவர். அப்படிப்பட்டவர் காற்றைப் பற்றி எழுதும்போது எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வசனத்தில் இறங்கினார். ஓலைப்பந்தலில் தொங்கும் இரண்டு துண்டுக் கயிறுகள், கந்தன், வள்ளியம்மை, புருஷன் பெண்டாட்டி. காற்றில் அவை ஒன்றையொன்று தொட்டுக் கொஞ்சுகின்றன. கவிஞர் அவற்றோடு பேசுகிறார், அவையும் மறுமொழி சொல்கின்றன. காற்று நின்றால் கயிறு பிணமாகத் தொங்குகிறது, மறுபடி வீசினால் எழுந்து ஆடுகிறது. சாவு இங்கே இரண்டு வீச்சுகளுக்கு நடுவில் வரும் ஓய்வு. இதே கருத்தை ஓர் எண்சீர் விருத்தத்தில் வைத்திருந்தால் சந்தம் அதற்குக் கோயில் கம்பீரத்தைக் கொடுத்திருக்கும், கயிறு பேசுவது பொருந்தாமல் போயிருக்கும். சின்னச் சின்ன வாக்கியங்கள், திண்ணைப் பேச்சின் நடை, கேள்வியும் பதிலும் என்று எழுதியதால்தான் உயிர் எங்கும் இருக்கிறது என்ற பெரிய நம்பிக்கை விளையாட்டாக நம்மிடம் வந்து சேர்கிறது. சீரும் தளையும் தெரிந்தவர் அவற்றை வேண்டாம் என்று வைத்ததும் வடிவம் பற்றிய முடிவுதான்.

சீர், தளை, ஈற்றயலடி என்றெல்லாம் சாதாரண வாசகருக்குத் தெரியுமா என்றால், பெயர் தெரியவேண்டிய அவசியமில்லை. அடி குறைவதையும் குரல் நிற்பதையும் காது தானாகவே உணரும். நம் பதிப்புகளில் சில, பாட்டைச் சந்தி பிரித்து, பொழிப்புரையை மேலே ஏற்றி, மூலத்தைச் சின்ன எழுத்தில் கீழே தள்ளிவிடுகின்றன. அதனால் கண்ணுக்குக் கருத்து கிடைக்கிறது, காதுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. புறநானூற்றின் 192, 194 ஆகிய இரண்டு பாட்டுகளும் சேர்ந்து இருபதே அடி. மூல அடிகளை உள்ளபடியே அச்சிட்ட பதிப்பு ஒன்றை எடுத்து, ஒவ்வோர் அடியின் முடிவையும் கவனித்து, இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.