அன்றன்று மொண்ட தண்ணீர்

(பொன்விழா இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாப் பந்தலுக்குக் கால் நட்டாகிவிட்டது. நன்கொடை, ஒலிபெருக்கி, அசனம், தேர் அலங்காரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு அமைத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இளைஞரைப் பொறுப்பாளராக்கியிருக்கிறோம். மகிழ்ச்சி. ஆயினும் இன்று நாம் பேச வந்தது வேலையைப் பற்றியன்று.

நம் செட்டிநாட்டுச் சீமையில் ஊருக்கு ஊர் ஊருணி உண்டு. நம் பாட்டிமார் காலத்தில் விடியுமுன் குடத்தோடு போய் வந்தால்தான் வீட்டில் உலை ஏறும். நேற்று மொண்ட தண்ணீர் நேற்றோடு சரி. பாலைவனத்தில் இஸ்ராயேல் மக்களுக்குக் கிடைத்த மன்னாவும் அப்படித்தான். அன்றைக்கு வேண்டியதை அன்று காலையில் பொறுக்கிக்கொள்ள வேண்டும். மறுநாளைக்கென்று ஒளித்து வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்திய நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்க உத்தரவு. ஒரு மாதத்து உணவை மூட்டையாக இறக்கிப்போட ஆண்டவரால் முடியாதா? நாள்தோறும் தம்மை நோக்கிக் கையேந்தப் பழக்கினார்.

நம் மறவ நாட்டுத் திருச்சபையின் சரித்திரத்தைப் பாருங்கள். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய காலத்தில், மதுரை மிஷனில் குருக்கள் மிகச் சிலரே. ஒரு சிற்றூருக்குச் சாமியார் வருவது அரிது. இடைப்பட்ட நாளெல்லாம் ஞாயிறு ஜெபத்தை நடத்தி, ஞானோபதேசம் சொல்லி, சாகக்கிடந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, வேதத்தைக் காத்தவர்கள் உபதேசியார்கள். 1686இல் அருளானந்தர் பிடிபட்டு வதைக்கப்பட்டபோது அவரோடு அடிபட்டவர்களும் அவர்களே. சாட்டை முதுகில் விழும்போது, போன வருடம் சாமியார் சொன்ன பிரசங்கம் கைகொடுக்குமா? அன்று காலையில் செய்த ஜெபமே கைகொடுத்திருக்கும்.

தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இதை அறிந்திருந்தார். 1727இல் அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' இந்த உபதேசியார்களுக்காகவே எழுந்த நூல். வேதியர் என்றால் அங்கே உபதேசியார். ஊருக்குப் போதிக்கிறவன் தன் ஆத்துமத்தை முதலில் பேண வேண்டும் என்பதே அந்நூலின் கவலை. காவியம் பாடத் தெரிந்த பெரும்புலவர் பொதுநிலையினரான ஊழியருக்காக உரைநடையில் இறங்கி எழுதினார் என்றால், காரியம் சிறியதன்று.

நாம் ஒன்றை இங்கு ஒத்துக்கொள்ள வேண்டும். முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் மிகச் சுறுசுறுப்பான வாலிபர் ஒருவர் இருந்தார். திருவிழாக் கணக்கும் அவரே, நாடகமும் அவரே, பீடச் சிறுவரைப் பழக்குவதும் அவரே. பூசை நேரத்தில்கூடக் கோவிலுக்கு வெளியே ஜெனரேட்டர் பக்கம் நிற்பார். அதைப் பார்த்து நாமும் பெருமைப்பட்டோம். ஒரு திருவிழா முடிவில் கணக்கைப் பற்றி யாரோ ஒரு சொல் சொல்லிவிட்டார்கள். கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைத் தாங்க அவருக்குள் பலமில்லை. சாவிக்கொத்தை நம் மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர், பிறகு கோவில் வாசலை மிதிக்கவில்லை. மும்முறை அவர் வீட்டுக்குப் போனோம். கடைசி முறை அவர் கேட்டார்: "சாமி, எங்கிட்ட எத்தனையோ வேலை சொன்னீங்க. நீ ஜெபம் பண்றியாப்பான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நம்மிடம் பதில் இல்லை. இன்றும் பூசையில் அவரை நினையாத நாளில்லை.

ஆகவே இந்தப் பொன்விழாவில் கேட்கிறோம். பொறுப்பாளர்களே, விடியலில் கால் மணி நேரம். அன்றைய நற்செய்தியை ஒருமுறை வாசியுங்கள்; அன்று செய்ய வேண்டிய வேலையையும், சந்திக்கப் பயப்படும் ஆளையும் ஆண்டவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். இரவில் படுக்குமுன் புனித இஞ்ஞாசியார் கற்பித்தபடி ஆத்தும சோதனை: இன்று எங்கே அவரை நம்பினேன், எங்கே என் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் நம்பினேன்? இவ்வளவுதான். ஜெபத்தைச் சாக்காக வைத்துக் கணக்கு எழுதாமல் இருப்பவரையும் நாம் விடப்போவதில்லை!

பெற்றோர்களே, பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கிறீர்கள், சம்பளத்தைக் கேட்கிறீர்கள். இதையும் கேளுங்கள். நாளை திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ ஓர் அறையில் அவன் தனியாகப் படுத்திருக்கும்போது, மணியடித்து எழுப்ப நம் கோவில்பிள்ளை அங்கே இருக்கமாட்டார்.

நாளைக் காலை ஐந்தரை மணிக்குக் கோவில் கதவு திறந்திருக்கும். முன்வரிசையில் நாமும் முழந்தாளிட்டிருப்போம். பந்தல் வேலை ஆறரைக்கு மேல்தான்.