நீண்டகரைக்கு வந்த நார்வே



நம் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறையில் கடல் இல்லை. ஆனாலும் காலையில் கடல் மீன் வந்துவிடுகிறது. குளச்சலிலும் முட்டத்திலும் ஏலம் எடுத்த மீனை வண்டியின் பின்னால் பெட்டியோடு கட்டிக்கொண்டு, குலசேகரம் வழியாக மலைப்பாதை ஏறி வருகிறார்கள் மீன்காரர்கள். பெட்டியைத் திறந்தால் மேலே உடைத்துப் போட்ட ஐஸ், அதற்கடியில் சாளை, அயிலை, நெத்திலி. நாம் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம், வாங்குகிறோம். ஐஸை யாரும் கவனிப்பதில்லை.

நம் பக்கத்துக் கடலோரத்தில் விசைப்படகும் ஐஸ் ஆலையும் பரவியதற்குப் பின்னால் ஒரு சின்ன நாட்டின் உதவி இருக்கிறது. அந்த நாடு நார்வே. அது செய்த உதவி என்ன, அந்த உதவி எங்கே போய் முடிந்தது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

1952. நார்வேயின் மக்கள்தொகை அப்போது சுமார் 33 லட்சம். இன்று நாம் அறிந்த எண்ணெய் வளம் அன்று அவர்களிடம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஐந்து ஆண்டுகள் ஜெர்மானியர் பிடியில் கிடந்த நாடு அது. போருக்குப் பின் எழுந்து நிற்க அமெரிக்காவின் மார்ஷல் உதவியை வாங்கிக்கொண்டிருந்தது. வாங்கிய கை காய்வதற்குள் கொடுக்கும் கையாக மாற முடிவு செய்தார்கள். நார்வே நாடாளுமன்றம் ஒரு கோடி குரோனரை ஒதுக்கியது. 1952 அக்டோபரில் டெல்லியில் நார்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்று தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்னொரு நாட்டின் வளர்ச்சிக்கென்று நார்வே கொடுத்த முதல் உதவி இதுதான்.

எதில் உதவுவது? தங்களுக்குத் தெரிந்த தொழில் மீன்பிடிப்பு என்றார்கள். எங்கே? திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பேச்சிப்பாறையும் நாகர்கோவிலும் குளச்சலும் அன்று அந்த மாநிலத்தில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதனால் இதை அடுத்த வீட்டுக் கதையாக எண்ண வேண்டாம், நம் வீட்டுக் கதைதான்.

கொல்லத்துக்கு வடக்கே, அஷ்டமுடிக் காயல் கடலைத் தொடும் இடத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரை, புத்தன்துறை என்ற மூன்று ஊர்கள். 1953-இல் வேலை தொடங்கியது. படகு கட்டும் தளம், எந்திரப் பட்டறை, ஐஸ் ஆலை, சுகாதார நிலையம், குழாய்த் தண்ணீர் என்று பட்டியல் நீளம். மீன்பிடிப்பைக் கூட்டினால் மட்டும் போதாது, மீனவர் குடும்பத்தின் உடம்பும் குடிநீரும் சீராக வேண்டும் என்று நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான். இன்றைக்கும் பாராட்ட வேண்டிய எண்ணம்.

ஆனால் கடல் வேறு கணக்குப் போட்டது. முதலில் நம் ஊர் வள்ளங்களிலேயே எந்திரத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். அது சரிப்படவில்லை. துடுப்புக்கென்று கட்டப்பட்ட வள்ளம் எந்திரத்தின் அதிர்வைத் தாங்காது. கரையில் வந்து மோதும் அலையைக் கடந்து, மணலில் இழுத்து ஏற்றி வைக்கும்போது கீழே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி என்ன ஆகும்? அதனால் 22 அடி, 25 அடி நீளத்தில் புதுப் படகுகளை வடிவமைத்தார்கள். அவை நன்றாக ஓடின. ஆனால் அவற்றுக்கு ஒதுங்கி நிற்க அமைதியான நீர் வேண்டும். காயல் வாய் இருந்த நீண்டகரைக்கு அது பொருந்தியது. திறந்த கடலைப் பார்த்துக் கிடந்த நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு, நம் குமரிக் கடற்கரையின் பெரும்பகுதி உட்பட, அது பொருந்தவில்லை. உதவி வந்தது, ஆனால் துறைமுகம் உள்ளவனுக்கே வந்தது.

அடுத்து நடந்ததை நார்வேக்காரர்களே எதிர்பார்க்கவில்லை. அவர்கள் வந்த நோக்கம், ஏழை மீனவன் கூடுதலாக மீன் பிடிக்க வேண்டும், சாதாரணக் குடும்பங்கள் மலிவாக மீன் சாப்பிட வேண்டும் என்பது. ஆனால் அதே காலத்தில் இறாலுக்கு யோகம் அடித்தது. அதற்கு முன் நம் கரை இறாலைக் காயவைத்து ரங்கூனுக்கு அனுப்பினார்கள். 1953-இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியது. பிறகு ஜப்பான் வாங்கியது. கடலடியை வாரி வரும் இழுவைமடியைப் போட்டால் இறால் குவிந்தது. விசைப்படகு, ஐஸ், குளிர்பதன ஆலை எல்லாம் இறாலின் பின்னால் ஓடின. கடலையே பார்த்திராத முதலாளிகளும் படகு வாங்கினார்கள். அரசும் கடனும் மானியமும் கொடுத்து ஊக்கம் தந்தது. சாளைக்கென்று வந்த ஐஸ் டாலருக்கு வேலை செய்தது.

சக்திகுளங்கரையில் பல மீனவக் குடும்பங்கள் உண்மையிலேயே செழித்தன. மாடி வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் கட்டுமரக்காரனின் வலையை இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போனதும், கரையோரத்தில் மீன் குறைந்ததும் அதே கதையின் மறுபாதி. 1970-களிலும் 80-களிலும் கேரளக் கடற்கரை முழுவதும் போராட்டம் வெடித்தது. பாதிரியார் தாமஸ் கோச்சேரி போன்றவர்கள் முன்னின்றார்கள், கன்னியாஸ்திரிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதன் பிறகுதான், 1988-இல், கேரளத்தில் மழைக்காலத்து இழுவைமடித் தொழிலுக்குத் தடை வந்தது. இன்று நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் மீன் விலை ஏறும்போது நாம் முணுமுணுக்கிறோம். அந்தத் தடைக்குப் பின்னால் கட்டுமரக்காரர்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது.

நார்வே நாட்டினரும் இதைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை. ஆர்னே மார்ட்டின் கிளாவ்சன் என்ற அவர்களுடைய மானிடவியலாளர் நீண்டகரைத் திட்டத்தை ஆராய்ந்து 1968-இல் புத்தகமே எழுதினார். திருவனந்தபுரத்தில் ஜான் குரியன் என்ற பொருளியலாளர் 1980-களில் இதன் வரவு செலவை அலசினார். திட்டமோ நீண்டகரையிலிருந்து எர்ணாகுளத்துக்கு மாறி, மண்டபம் வரையிலும் விரிந்து, 1972-இல் இந்திய அரசின் கைக்கு வந்தது.

நீண்டகரைக்கு நேர்மாறாக ஒன்று நம் முட்டத்தில் நடந்தது. பெல்ஜியமும் சின்ன நாடுதான். அந்நாட்டவரான பியர் ஜில்லே முட்டத்தில் மீனவர்களோடு இருந்து ஒட்டுப்பலகைப் படகு செய்தார். கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் கிடைப்பது அரிதாகிவந்த காலம் அது. அலையைக் கடக்க வேண்டும், மணலில் ஏற வேண்டும், நாலு பேர் தூக்கித் தள்ள வேண்டும், விலையும் கட்டுபடியாக வேண்டும். ஒன்றைச் செய்வார்கள், கடலில் விட்டுப் பார்ப்பார்கள், மீனவர் குறை சொல்வார்கள், மறுபடி மாற்றுவார்கள். அந்த அனுபவத்தை அவர் 1985-இல் புத்தகமாக எழுதியபோது, சின்னதாகச் செய்வதுதான் கஷ்டம் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அந்தப் படகுத் தொழிலை வளர்த்தது. கூட்டமைப்பு மீனவருடையது, விற்பனையும் கடனும் அவர்கள் கையில். பணம் குறைவுதான், பேச்சுரிமை அதிகம்.

2004 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. உலகமே உதவிக்கு ஓடி வந்தது. ஆனால் பல இடங்களில் தேவைக்கு மேல் ஃபைபர் படகுகள் குவிந்தன. கடலில் எத்தனை மீன் இருக்கிறது, யாருக்கு எந்தப் படகு வேண்டும் என்று கேட்க நேரமில்லாமல் கொடுத்தார்கள். அரைநூற்றாண்டுக்கு முன் நீண்டகரை கற்றுத்தந்த பாடம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இன்று நாமே கொடுக்கும் நாடு. இலங்கையில் போரால் வீடிழந்த தமிழர்களுக்கும் மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் இந்தியா 50,000 வீடுகள் கட்ட உதவியது. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளுக்குப் பணம் தவணை தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே போனது. வீட்டுக்காரரே கொத்தனாரைப் பிடித்து, தம் வீட்டைத் தாமே கட்டினார். கொடுக்கும் முறையில் இது ஒரு முன்னேற்றம்.

அப்படியானால் வெளிநாட்டுப் பணம் கெட்டது, சொந்தப் பணம் நல்லது என்று சொல்லலாமா? நம் பேச்சிப்பாறை அணையைப் பாருங்கள். மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், பொறியாளர் மிஞ்சின் பொறுப்பில், 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. செலவு திருவிதாங்கூர் கஜானாவுடையது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் போனது, நாம் சோறு சாப்பிட்டோம். அதே அணையின் அக்கரையில் மாட்டிக்கொண்ட சில காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் படகுதான் வழி என்றானது. பணம் சொந்தமானாலும் கடைக்கோடி மனிதரிடம் கேட்கவில்லை என்றால் முடிவு அதுவேதான்.

ஆகவே நேயர்களே, உங்கள் ஊருக்கு ஒரு திட்டம் வரும்போது, அது நார்வேயிலிருந்து வந்தாலும், உலக வங்கியிலிருந்து வந்தாலும், சென்னையிலிருந்து வந்தாலும், தொகை எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். யாரிடம் கேட்டுத் தீட்டினீர்கள், இது யாருக்குப் பொருந்தாது, நீங்கள் போன பிறகு சாவி யார் கையில் என்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை கேளுங்கள்.