இரவல் கொடுத்தவர் சொல்ல வேண்டியது
(டிரஸ்டின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் செஞ்சிக் கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கிறது, குதிரை லாயமும் இருக்கிறது. 1714-ல் போரில் மாண்ட ராஜா தேசிங்கையும், அவருக்காக உயிர் கொடுத்த நண்பர் மகபத்கானையும் பாடுகிற தெருக்கூத்தில் அவர்களுடைய குதிரைகளுக்கும் பேர் உண்டு. குதிரையை மதித்த ஊர் இது. அந்த ஊரில் ஒரு மட்டக்குதிரை விஷயத்தில் நாங்கள் தவறிவிட்டோம். அதைச் சொல்லவே இன்று எழுந்தோம்.

நன்கொடையாக வந்த அந்தக் குதிரையை, பக்கத்துக் கிராமத்தில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒரு சகோதரருக்கு ஆறு மாத இரவலாகக் கொடுத்திருந்தோம். இரண்டாவது மாதம் ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பின் அவர் போன் செய்தார். குதிரை படுக்கிறது, எழுகிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, முன்காலால் தரையைப் பறிக்கிறது, காலையிலிருந்து சாணி போடவில்லை என்றார். நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "என்னத்தைப் போட்டீங்க?" என்பதுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் இல்லை. தண்ணீர் காட்டினாரோ, அதிக பாரம் ஏற்றினாரோ என்று மனம் அவர்மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தது. ஃபஜ்ர் முடிந்ததும் கால்நடை மருத்துவரை அழைத்துக்கொண்டு போனோம். அந்தச் சகோதரர் விடிய விடியக் குதிரையைக் கையில் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டே இருந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது. "அமானிதமாச்சே பாய், இது செத்துட்டா நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார்.

மருத்துவர் சோதித்துவிட்டு, வயிற்றுச் சூலை என்றார். மல்லாட்டை அறுவடை முடிந்த நேரம். தன் நிலத்துக் கொடியை ஆசையாக, ஒரே நாளில் நிறையப் போட்டிருக்கிறார். தீனியைத் திடீரென மாற்றினால் குதிரைக்கு ஆகாது. மாட்டைப் போல அது அசை போடாது, வாந்தியும் எடுக்க முடியாது. அதனால் வயிற்றுக் கோளாறே உயிருக்கு உலை வைத்துவிடும். பிறகு எங்களைப் பார்த்து, "இதற்கு முன் இப்படி வந்ததுண்டா?" என்று கேட்டார்.

வந்தது. போன ஐப்பசியில் இதே தொல்லை. நாங்கள் அதை அவரிடம் சொல்லவே இல்லை. கொடுக்கும்போது சொன்னால் வாங்கத் தயங்குவாரோ என்று ஒரு நினைப்பு. அந்த வாசலில் நாங்கள் தலை குனிந்து நின்றோம்.

பெரியோர்களே! இரவல் பொருள் சேதமானால் வாங்கியவர் ஈடு தர வேண்டுமா என்பதற்கு ஃபிக்ஹில் விளக்கம் உண்டு. ஹனஃபி மத்ஹபில் அது அமானிதம். அலட்சியமோ வரம்பு மீறலோ இருந்தால்தான் ஈடு. ஷாஃபி மத்ஹபில், அனுமதித்த உபயோகத்தால் அல்லாமல் வேறு வகையில் அழிந்தால் ஈடு உண்டு. இதை எல்லாம் ஓதியிருந்தும், கொடுத்தவனின் பொறுப்பை மறந்தோம். நாட்டின் சட்டமும் அதைச் சொல்கிறது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 150-வது பிரிவு, தெரிந்த குறையைச் சொல்லாமல் கொடுத்தால் அதனால் வரும் நஷ்டத்துக்குக் கொடுத்தவரே பொறுப்பு என்கிறது. அதற்குக் காட்டப்பட்ட உதாரணமே, முரட்டுக் குதிரையை உண்மை சொல்லாமல் இரவல் கொடுத்தவரைப் பற்றியது!

மதீனாவில் ஓர் இரவு பீதி ஏற்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையை இரவல் வாங்கிச் சென்றார்கள். மந்தமானது என்று பேர் வாங்கிய குதிரை அது. திரும்பி வந்ததும் அதன் ஓட்டத்தைக் கடலுக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். இரவல் வாங்கியவரின் பண்பு அது. பட்டினி போடப்பட்ட ஒட்டகத்தின் கண்ணீரைத் துடைத்து, அதன் உரிமையாளரைக் கண்டித்ததும் அவர்கள்தாம். உரிமையாளருக்கான பாடம் அது.

அல்ஹம்துலில்லாஹ், மருந்து கொடுத்த பின் அஸருக்குள் குதிரை சாணி போட்டது. அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் செலவழித்த பணத்தையும் ஒப்படைத்தோம். குதிரை அவரிடமே இருக்கிறது.

இனி டிரஸ்ட் எந்தப் பிராணியை இரவல் கொடுத்தாலும், அதன் பழைய நோய், வழக்கமான தீனி இரண்டையும் எழுதிக் கொடுப்போம். தீனி மாற்றுவதானால் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்றச் சொல்வோம். வைத்தியச் செலவு டிரஸ்டைச் சேர்ந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாங்களே போய்ப் பார்ப்போம். பிராணிக்கு உடம்பு சரியில்லை என்றால் பயப்படாமல் உடனே சொல்லுங்கள். 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கும் போன் செய்யுங்கள். "என்னத்தைப் போட்டீங்க?" என்று இனி நாங்கள் கேட்கமாட்டோம். "இதோ வருகிறோம்" என்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.