மகளுக்குக் கட்டிய வீடு



போர் பிரித்த குடும்பங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். புத்தளம் கரையில் நின்று அதைப் பேசுவதென்றால் 1990 ஒக்டோபரிலிருந்துதான் தொடங்க வேண்டும். வட மாகாணத்து முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றிய மாதம் அது. யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி ஒலிபெருக்கி கட்டி, சனங்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் தவணை கொடுத்தார்கள். வழியில் பெண்களின் காதில் கிடந்த தோடுகூடக் கழற்றி வாங்கப்பட்டது. மன்னார்த் தீவு மக்களுக்குக் கடல்தான் வழி. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் இருந்து வந்தவர்கள் மழையில் கரையோரம் காத்துக் கிடந்து, மீன்பிடி வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள்.

இந்த மாவட்டத்து மக்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்துவிட்டார்கள். தென்னந்தோட்டங்களில் குடிசை போட இடம் கொடுத்தார்கள். அந்த நன்றியை எத்தனை தரம் சொன்னாலும் தகும். பிறகு வந்த கசப்பையும் மறைக்க வேண்டாம். உப்பளக் கூலிக்கும் வெங்காயத் தோட்டத்துக் கூலிக்கும் இரு தரப்பு ஏழைகளும் முட்டிக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு ‘அகதி’ என்பதே பெயராகிப் போனது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

கிடுகுக் குடிசை மாரியில் ஒழுகும். கச்சான் காற்று அடித்தால் சோற்றில் மணல் விழும். பாயை மழைக்குச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு, கைக்குழந்தையை மடியில் வைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்த பெண்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள்.

வடக்கு முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெரும்பாலும் மகளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். 1990இல் பத்து வயதாக இருந்த பிள்ளை, 2009இல் போர் முடியும்போது தானே பிள்ளை பெற்ற தாய். வாப்பா கூலிக்குப் போய்ச் சேர்த்த காசில், சிலருக்கு 2007இல் தொடங்கிய உலக வங்கி வீட்டுத் திட்டத்தின் உதவியும் சேர்ந்து, மகளுக்கென்று எழுந்த சுவர் இங்கே நிற்கிறது. உறுதியில் இருக்கும் காணியோ மன்னாரில். ஒரு வளவு, அதைப் பங்குபோட நாலு மகள்மார். ஊருக்குப் போகும் மூத்தவர்கள் மகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். மகளோடு இருப்பவர்கள் பெற்றோரின் கபுறடியை விட்டுவிட்டு இருக்கிறார்கள். போர் முடிந்த பிறகு நடந்த பிரிவு இது. போர் நாளில் நடந்ததைவிட இது இலேசானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2009க்குப் பிறகு மீள்குடியேற்ற உதவியில் வன்னியிலிருந்து புதிதாக இடம்பெயர்ந்தவர்களுக்கே முன்னுரிமை. அவர்களின் துயரம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் இருபது வருடம் காத்திருந்தவர்கள் ‘பழைய அகதிகள்’ ஆனார்கள். மன்னாரின் முசலிப் பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த காணிகள் காடேறின. திரும்பப் போனவர்கள்மேல் வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்ற பழி விழுந்தது, வழக்கு நீதிமன்றம்வரை போனது. வாக்குப் போடுவதும் எளிதாக இல்லை. 2019 நவம்பர் 16, சனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்தில் வாழ்ந்தபடி மன்னாரில் வாக்குள்ளவர்களை ஏற்றிச் சென்ற பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கத்தில் கல்லெறிந்தார்கள், சுட்டார்கள். ஒரு வாக்குப் போட இத்தனை தூரமும் இத்தனை பயமும்!

தமிழராகிய நாம் இதில் என்ன செய்தோம்? அயலில் இருந்த தமிழர் பலர் 1990இல் அழுதார்கள். புலிகளின் தலைவர் பிரபாகரனின் 2002 ஏப்ரல் செய்தியாளர் சந்திப்பில், அவர்களின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றம் தவறு என்று ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் நம் பொதுமேடைகள் பேசியது மிகக் குறைவு. நம் பிள்ளைகளின் சாவுக்கு விளக்கேற்றும் நாம், ஒக்டோபர் 30ஐயும் நம் நாட்காட்டியில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரசிடம் கேட்பதும் ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தை ஏதாவது ஓர் ஊரில் மட்டும் பதிந்துகொள் என்று கிராம சேவகர் கேட்கும் நிலை மாற வேண்டும். மகள் புத்தளத்தில் இருக்கிறாள் என்பதற்காக உம்மாவின் மன்னார்க் காணியும் வாக்கும் போய்விடக் கூடாது. உம்மா மன்னாருக்குப் போனாள் என்பதற்காக பேரப்பிள்ளைக்கு இங்கே பள்ளிக்கூட இடம் மறுக்கப்படவும் கூடாது. இரண்டு ஊரிலும் வாழும் குடும்பம் என்று அவர்களைப் பதிய அரசு வழி செய்ய வேண்டும்.