விசை தானே விழுந்தால்



பால்மரம் வெட்டப் புறப்படும் விடியற்காலையில் வீடு திடீரென இருண்டுவிடுகிறது. அடுத்த வீட்டில் விளக்கு எரிகிறது. அப்படியாயின் நம் வீட்டு மெயின் பெட்டியில்தான் விசை விழுந்திருக்க வேண்டும். எந்த விசை என்பதை முதலில் காண்போம்.

வரிசையாக உள்ள சிறு விசைகளுள் ஒன்று விழுந்திருந்தால், அந்த வழியில் பளு மிகுந்துவிட்டது, அல்லது எங்கோ கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. 2,000 வாட் மின்கெண்டி ஒன்றே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். இஸ்திரிப் பெட்டியும் பிற சூடேற்றும் கருவிகளும் அதனுடன் சேர்ந்தால் விசை நெடுநேரம் தாங்காது.

'டி' என்ற எழுத்திட்ட பொத்தானுள்ள பெரிய விசை விழுந்திருந்தால், காரணம் மின்கசிவு. வீட்டுக் கருவிகளைக் காக்கும் கசிவு விசை 30 மில்லி ஆம்பியரில் விழும். குளியலறை வெந்நீர்க் கருவிக்கு உரியது 10 மில்லி ஆம்பியரிலேயே விழும். மனித உயிரைப் போக்க இவ்வளவு சிறிய மின்னோட்டமே போதும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. 13 ஆம்பியர் பியூஸ் இத்தகைய கசிவை அறியவே அறியாது. தொல்லை தாளாமல் சிலர் இவ்விசையை ஒதுக்கிவிட்டுக் கம்பியை நேரே இணைத்து விடுகின்றனர். ஈரக் கையுடன் நிற்கும் நம் பிள்ளைக்கும் சாவுக்கும் இடையே அதன்பின் தடுப்பு ஏதுமில்லை.

உலர்ந்த கையுடன், காலில் செருப்பணிந்து, எல்லாச் சிறு விசைகளையும் இறக்குங்கள். செருகிகள் அனைத்தையும் பிடுங்கிவிடுங்கள். சுவர்ச் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அது ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கக்கூடும், மற்றதன் வழியே கசிவு தொடரலாம். பின்னர்ப் பெரிய விசையை ஏற்றி, சிறு விசைகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அதன்பின் கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ, குற்றவாளி அதுவே. பெரும்பாலும் பழைய கெண்டியோ சோற்றுப் பானையோதான் அகப்படும். இடி மின்னலின்போது ஒருமுறை விழுந்து, ஏற்றியபின் நிலைத்து நின்றால் அஞ்ச வேண்டியதில்லை.

செருகி ஒன்றுமே இல்லாதபோதும் விழுகிறதா? பழுது சுவருக்குள்ளோ, மழைநீர் ஒழுகும் கூரையிலோ இருக்கலாம். அங்கே நாம் கை வைத்தல் கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரே அதைப் பார்க்க வேண்டும். தோட்ட வீடாயின், அலுவலகத்தில் நாள் குறித்து எழுத்து மூலம் தெரிவியுங்கள். தொழிலாளர் வீடுகளைச் செப்பமாகப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதிகள் சட்டம்.